எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக

கோயமுத்தூர் மில் முதலாளி ஒருத்தரின் வேகக் காருக்கு பிரேக் டிஸ்க் மாற்ற வேண்டியிருந்தது.

"பந்தயக் கார்ல போடுற கார்பன் டிஸ்க்தான் உசத்தி. போட்டா நினைச்ச இடத்துல நிக்கும்" என்று அளந்துவிட்டார் உதிரிபாகக் கடைக்காரர் தனகோபால்.

"ஊருக்குள்ள ஓட்ட அது ஆகாதுங்க" என்றான் டிரைவர் மாகாளி.

முதலாளிக்குக் கோபம் வந்தது. "நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போ."

மாகாளி டிஸ்க்கை மாட்டச் சொன்னான். பூசை முடிந்ததும், சக்கரத்தின் முன்னால் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்தான். "கடைக்காரரே, இதுக்குப் பதிலா பத்தடி தள்ளி உங்க செல்போனை வைங்க. வேகமா வந்து, தொடாம நிறுத்துறேன்."

தனகோபால் செல்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "யோவ், சூடேறாம அது பிடிக்காதுய்யா!"

"எங்க முதலாளி பேரன் வாசல்ல குறுக்க ஓடுறப்பவும் வண்டி சூடேறியிருக்காதுங்களே" என்றான் மாகாளி.

முதலாளி வழக்கமான இரும்பு டிஸ்க்கையே மாட்டச் சொன்னார். எலுமிச்சம்பழம் அதற்குத்தான் நசுங்கியது.