கத்தாத ஆட்காட்டி

இந்தக் கதையை நான் ஓரிடத்தில் பிசகிச் சொன்னாலும் பழி தப்பு செய்யாத பறவைமேல் விழுந்துவிடும். அதுதான் எனக்குப் பயம். இருந்தாலும் சொல்கிறேன்.

ஏரிக்கரை ஓரம், தண்ணீரில் நின்ற கோரைகளை இழுத்துக் கட்டி, ஒரு தாழைக்கோழி மிதக்கும் கூடு செய்திருந்தது. அதில் நான்கு முட்டைகள். போன முறை இட்டதையெல்லாம் கீரி தின்றுவிட்டது. இந்த முறை தாழைக்கோழிக்குத் தூக்கமே இல்லை.

அப்போது மேட்டுக்காட்டிலிருந்து ஓர் ஆட்காட்டிக் குருவி கரைக்குக் குடிவந்தது.

"மேட்டுக்காட்டுக்காரங்க பேச்சு எனக்குப் புரியுமா அக்கா?" என்று தாழைக்கோழி மைனாவைக் கேட்டது. மைனா பல ஊர் சுற்றிய பறவை.

"அது ரொம்ப லேசு! பறவைகள் இரண்டே வகை. கொக்கு கத்தாத வகை. ஆட்காட்டி கத்துற வகை. ஆபத்துன்னா ஊரையே கூட்டிடும். அது சும்மா இருந்தா நீ நிம்மதியாத் தூங்கு."

தாழைக்கோழி அன்று நன்றாகத் தூங்கியது.

மறுநாள் காலை ஆட்காட்டி கரையில் ஓடி வந்தது. கத்தவில்லை. கூட்டைப் பார்த்தது, புதரைப் பார்த்தது, மண்ணைக் காலால் தட்டியது.

"என்ன தங்கச்சி, காலாற நடக்கிறியா?" என்றது தாழைக்கோழி.

"புழு தேடுது. கத்தலை பாரு, ஒண்ணுமில்லை" என்று மைனா சிரித்தது.

ஆனால் ஆட்காட்டி புழு எதையும் கொத்தவில்லை, மறுபடி புதரையே பார்த்தது! தாழைக்கோழி மனசு கேட்காமல், முட்டைகளை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தி வந்து, தலையை அதன் அலகருகே தாழ்த்தியது.

"நீயே சொல்லு. என்ன விஷயம்?"

"கீரி வருது அக்கா! புதர்கிட்ட வந்தாச்சு" என்று ஆட்காட்டி கிசுகிசுத்தது.

"அடிப்பாவி, கத்தியிருக்கக் கூடாதா?"

"நேத்து இட்ட என் முட்டையும் பக்கத்துல வெட்டவெளியில கிடக்கே. கத்தினா கீரி என் பக்கம் திரும்பிடும்."

மைனா தொண்டையைக் கனைத்தது. "சரி, ஆட்காட்டியைக் கத்தாத வகையில சேர்த்துக்கறேன்."

அதற்குள் தாழைக்கோழி கூட்டுக்குப் பாய்ந்து நீந்தியது. கூட்டைக் கட்டிய கோரைகளை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தது. கடைசிக் கோரை அறுந்ததும் நெஞ்சால் முட்டித் தள்ளியது. கூடு நடு ஏரிக்கு மிதந்தது! கீரி கரையில் நின்று பார்த்துவிட்டு, ஆட்காட்டியின் முட்டை கிடந்த பக்கம் போகாமல், வந்த வழியே திரும்பியது.

ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்தால் போதாது, அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவரையே கேட்க வேண்டும்.