தடித்த வினைலில் ஒரு பெயர்

"ஊரார் புள்ளைங்க பேரெல்லாம் சுத்தமா வருதுங்க டீச்சர். என்ற புள்ள பேரு மட்டும் வரமாட்டேங்குது."

சென்னிமலை இதை வாசலில் நின்றபடியே சொன்னார்.

ரங்கநாயகி தலை நிமிரவில்லை. ஒரு சட்டையின் முதுகில் எண் ஒன்றை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்ணா. வெயில்ல நின்னுட்டுப் பேசுனா மட்டும் வந்துருமா?"

சென்னிமலை உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது.

*

ரங்கநாயகி திருப்பூர்ப் பக்கத்தவர். வீட்டின் முன்னறையில் ஒரு சிறிய வெட்டுக் கருவியை வைத்து, வினைல் என்னும் பிளாஸ்டிக் தாளில் எழுத்துகளை வெட்டி, விளையாட்டுச் சட்டைகளில் பெயர் பதித்துத் தருபவர். கேட்டு வருவோருக்கு அவ்வேலையைக் கற்பித்தும் வந்தார்.

சென்னிமலை அவரிடம் கற்று, தம் வீட்டிலும் ஒரு கருவி வைத்துக்கொண்டவர். ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் முன்பு தறி ஓட்டியவர் என்று சிலர் சொல்வர். லாரி ஓட்டியவர் என்று சிலர் சொல்வர். கதைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவருடைய மகள் செவ்வந்தி. பள்ளிக் கபடிக் குழுவில் இரண்டு ஆண்டுகள் மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிச் சென்றவள். மூன்றாம் ஆண்டில்தான் அவளுக்குச் சட்டை கிடைத்தது.

அன்று நான்கு மணிக்குக் குழு பஸ் ஏற வேண்டும். முதுகில் பெயர் இல்லாதவர் களத்தில் இறங்கக்கூடாது என்பது போட்டியின் விதி.

போட்டியில் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சொல்லும் வடிவங்களும் இக்கதைக்கு உண்டு. அவை பின்னால் சேர்க்கப்பட்டவை.

*

"மெல்லிசு வினைல்ல அடிச்சிரலாமேண்ணா. ஒரே வெட்டுல முடிஞ்சிரும்."

"கோச்சு ஒத்துக்கலீங்க. மெல்லிசுன்னா ஒரு புடி புடிச்சு இழுத்தா உரிஞ்சு கையோட வந்துருதாமா. தடிசுதான் வேணும்னுட்டாரு. டீம் பூராவும் தடிசுதானுங்க."

"மத்தவங்க பேரெல்லாம் ஆச்சா?"

"நேத்தே ஆச்சுங்க. எல்லாம் அதது சட்டையில ஏறிப்போச்சு. ஒரு புள்ள சட்டையப் போட்டுட்டு வீதிபூரா சுத்துது."

"அப்பக் குடுங்க. உங்க புள்ள பேர நான் வெட்டித் தர்றேன்."

சென்னிமலை உறையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாங்க. என்ற கையாலதான் பண்ணித் தருவேன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டேன். எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க. போயி நானே பண்ணிக்கறேன்."

*

வேலையின் முறை இது.

வினைல் தாளின் கீழே வெளிச்சம் புகாத பால்நிற அடித்தாள் ஒன்று ஒட்டியிருக்கும். கருவியின் கத்தி வினைலை மட்டும் அறுக்க வேண்டும். அடித்தாளைத் தொட்டுவிட்டு நிற்க வேண்டும். எழுத்துகளைச் சுற்றியுள்ள கழிவை உரித்த பிறகு, அவற்றை இடம் மாறாமல் பிடித்திருப்பது அந்த அடித்தாள்தான். சட்டையில் வைத்துச் சூடு காட்டியபின் அதையும் உரித்து எறிந்துவிடுவார்கள்.

தடித்த வினைலை ஒரே வெட்டில் அறுக்க முயலக்கூடாது. மெதுவாக ஒருமுறை, அதே தடத்தில் மறுமுறை. அதுவரை தாள் ஒட்டியிருக்கும் பலகையைக் கருவியிலிருந்து வெளியே எடுக்கக்கூடாது. எடுத்தால் மறு வெட்டு பழைய தடத்தில் விழாது.

சென்னிமலைக்கு இவையெல்லாம் மனப்பாடம்.

*

"கண்ணாடியில பாக்கற மாதிரி எழுத்தத் திருப்பிப் போட்டீங்களா?"

"அதக்கூட மறப்பனுங்களா?"

"சோதனைக்கு மூலையில சின்னதா ஒரு முக்கோணம் வெட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. முக்கோணம் ஜம்முன்னு வந்துச்சு."

"கத்தி?"

"புதுசுங்க."

"அப்புறம் என்னதாண்ணா கோளாறுங்கறீங்க?"

"மெஷின்லதானுங்க."

"கற்பகம்னு ஒரு புள்ள டீம்ல இருக்குதே. அது பேரு எந்த மெஷின்ல வந்துச்சு?"

சென்னிமலை சற்று யோசித்தார்.

"அதே மெஷின்தானுங்க. ஆனா என்ற புள்ள பேருல புள்ளி ரெண்டு வருதுங்களே. தடிசுல புள்ளி நிக்கமாட்டேங்குது. கழிவ உரிக்கறப்பக் கூடவே வந்துருது."

"கற்பகத்துல எத்தன புள்ளி?"

அவர் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். கையைக் கீழே போட்டார்.

*

ரங்கநாயகி உறையை வாங்கிப் பிரித்தார். உள்ளே கெட்டுப்போன இரண்டு தாள்களும், வெட்டாத ஒரு துண்டும் இருந்தன.

முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தின் ஓரங்கள் வழியே வெளிச்சம் உள்ளே வந்தது. அடித்தாளும் சேர்ந்து அறுந்திருந்தது. லேசாக அசைத்ததும், முதல் எழுத்தின் கொம்பு கழன்று தரையில் விழுந்தது.

"அழுத்தம் எவ்வளவு வெச்சீங்க?"

"முக்கோணம் வெட்டுனப்புறம், நீங்க சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணுதானுங்க கூட்டுனேன்."

"கற்பகத்துக்கும் கூட்டுனீங்களா?"

"இல்லீங்க."

"இதுக்கு?"

"நல்லா அறுபடட்டும்னு…"

இரண்டாம் தாளை எடுத்தார். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு கோடுகள் இருந்தன, ஒன்றை ஒட்டி ஒன்று. அவற்றின்மீது ரங்கநாயகி நகத்தை ஓட்டினார்.

"நடுவுல பலகைய வெளிய எடுத்தீங்களா?"

"எடுத்தனுங்க. மறுபடியும் கெட்டுப்போயிரும்னு அழுத்தத்தக் கொறச்சு வெச்சிருந்தேன். அறுத்துச்சா இல்லையான்னு ஒரு பயமுங்க. ஒரே ஒருக்கா எடுத்துப் பாத்துட்டு உள்ள விட்டேன். அதே எடத்துலதானுங்க விட்டேன்."

"அதே எடத்துலதான் விட்டிருப்பீங்க."

ஆசிரியை இங்கே சிரித்தார் என்று சொல்வோரும் உண்டு. பழைய வடிவங்களில் சிரிப்பு இல்லை.

*

வெட்டாத துண்டின் அளவு குறித்து வடிவங்கள் வேறுபடும். இரண்டு பெயர்களுக்குப் போதுமானது என்பதே பெரும்பான்மை.

ரங்கநாயகி கத்தரிக்கோலை எடுத்து அதை நடுவில் வெட்டினார். ஒரு பாதியைச் சென்னிமலையிடம் கொடுத்தார். மறு பாதியைப் பலகையில் ஒட்டினார். கணினியைத் தம் பக்கம் திருப்பி ஏதோ தட்டினார்; பிறகு அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இத வெட்டுங்ணா."

திரையில் நந்தகோபன் என்று இருந்தது.

"யாருங்க இது?"

"ஒரு சட்டைக்கு வேணும்."

சென்னிமலையின் முகம் சிவந்தது.

"இருக்கறதே ரெண்டு பேருக்குத்தானுங்களே டீச்சர்! இனி வாங்கோணும்னாக் கோயமுத்தூருக்கில்லீங்க ஓடோணும். நாலு மணிக்குப் பஸ்ஸு! யாரோ ஒருத்தன் பேருக்கு இதுல பாதியத் தின்னுட்டீங்கன்னா எனக்கு ஒண்ணுதான் மிச்சம். அதும் கெட்டுச்சுன்னா?"

"ரெண்டு இருந்துதே. ரெண்டும் கெட்டுதுல்ல? பேசாம வெட்டுங்க."

*

அவர் கோபத்தோடுதான் உட்கார்ந்தார்.

எழுத்தைத் திருப்பிப் போட்டார். மூலையில் முக்கோணம் வெட்டி, கொக்கி ஊசியால் தூக்கிப் பார்த்தார். அழுத்தம் கற்பித்தபடி. வேகம் கற்பித்தபடி. பொத்தானைத் தட்டினார்.

கருவி பலகையை உள்ளே இழுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது.

சென்னிமலை அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"நீங்க பண்றது நாயமே இல்லீங்க. அந்தப் புள்ள காலையில இருந்து சாப்புடலீங்க. சட்டைய மடிச்சு மடியில வெச்சுட்டு உக்காந்திருக்குது. 'அப்பா, பேரு வந்துருச்சா'ன்னு மூணு தடவ போன் பண்ணிப்போட்டா. நான் என்னன்னு சொல்றது? பேரு வருது, வேற எவன் பேரோ வருதுன்னு சொல்றதா?"

"சொல்லுங்களேன்."

"உங்களுக்கு வெளையாட்டாப் போச்சு."

முதல் வெட்டு முடிந்தது. அவர் பேச்சை நிறுத்தாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, பொத்தானை மறுபடி தட்டினார்.

"ரெண்டு வருசமுங்க. மழையில நனஞ்சுட்டுப் பாட்டில் தூக்குனவ. ஒருத்தி காலு பிசகி ஊட்ல படுத்தாத்தான் எனக்கு எடம்ப்பான்னு சொல்லுவா. இந்த வருசம் யாரும் படுக்காமயே கூப்புட்டிருக்காங்க. அதுவுங்கூட உங்களுக்குப் புரியலையே."

இரண்டாம் வெட்டும் முடிந்தது. தாளைப் பலகையிலிருந்து பிரித்து, கொக்கி ஊசியால் ஒரு மூலையைத் தூக்கி, கழிவை உரித்தார். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். கழிவு ஒரே துண்டாக வந்தது.

கையில் இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

எழுத்துகள் அடித்தாளில் ஒழுங்காக நின்றன. புள்ளிகள் இரண்டும் அவற்றின் இடத்தில் இருந்தன. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எங்கும் வெளிச்சம் ஒழுகவில்லை.

"ஒருக்காக்கூட வெளிய எடுத்துப் பாக்கலீங்களே?" என்றார் ரங்கநாயகி.

"எதுக்குங்க பாக்கோணும்? வர்றது தானா வருது."

சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார்.

*

ரங்கநாயகி எழுந்து பீரோவைத் திறந்தார். நீல நிறச் சட்டை ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். முதுகில் எண் இருந்தது. அதற்கு மேலே வெறுமையாக இருந்தது.

பிறகு ஒரு துணிப்பையை எடுத்துக் கவிழ்த்தார். கெட்டுப்போன வினைல் துண்டுகள் விழுந்தன. வெள்ளை, மஞ்சள், வெள்ளை. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

"யாருங்க இந்த நந்தகோபன்?"

"என்ற பையன்."

சென்னிமலை அவரைப் பார்த்தார்.

"காலேஜ்ல வாலிபால் ஆடறான். ஒரு வருசமா மொட்ட முதுகோடதான் எறங்கறான். 'உங்கம்மா ஊருக்கெல்லாம் பேரு போட்டுத் தர்றாங்களாமே, உன்ன எங்கயாச்சும் கண்டெடுத்தாங்களாடா'ன்னு பசங்க ஓட்டறானுகளாம்."

"நீங்களேவா டீச்சர் கெடுத்தீங்க?"

"வேற யாரு வருவா என்ற ஊட்டுக்கு?"

சென்னிமலை துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடித்தாள் அறுந்திருந்தது. இன்னொன்றை எடுத்தார். எழுத்துக்கு இரண்டு கோடுகள்.

மூன்றாவதை அவர் எடுக்கவில்லை.

ரங்கநாயகி, அவர் வெட்டிய பெயரை வாங்கி நீலச் சட்டையின் மேல் வைத்தார். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினார். சூடு ஆறிய பிறகு அடித்தாளை ஓரத்தில் பிடித்து மெல்ல உரித்தார். பெயர் சட்டையில் நின்றது.

அவர் அதை வெகுநேரம் பார்க்கவில்லை. மடித்து எடுத்து வைத்துவிட்டார்.

சென்னிமலையின் மடியில் மற்றப் பாதி இருந்தது. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது தானாக நின்றது.

அவர் எழுந்தார். தம் கையைப் பார்த்தார். அந்தப் பாதித் துண்டை இரண்டு கையாலும் எடுத்து மேசையில் ஆசிரியையின் முன் வைத்தார். பிறகு கருவியை விட்டு விலகி, வாசல் பக்கமாகப் போய் நின்றார்.

ரங்கநாயகி துண்டைப் பலகையில் ஒட்டினார். விரலால் நீவிவிட்டார். கணினியின் முன் உட்கார்ந்தார்.

"யார் பேருங்ணா?"

சென்னிமலை வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

"கபடி ஆடற ஒரு புள்ளைங்க. செவ்வந்தின்னு பேரு."