ஏரி குட்டையான கதை

ஒரு காலத்தில் கடலோர மண்ணுக்கு அடியில், வெகு ஆழத்தில், ஒரு மணற்பாறை படுத்திருந்தது. அதன் மேனிக்குள் எண்ணெய் இருந்தது. மேலே இருந்தவர்கள் துளை போட்டு, எண்ணெய் வருவதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு எண்ணெய்க் கிணறு என்று பெயர் வைத்தார்கள். வம்பு அந்தப் பெயரில்தான் தொடங்கியது.

கிணறு என்று ஆகிவிட்டால் உள்ளே வெறும் குழிதானே, அளப்பது சுலபமல்லவா? அளவு நாடா, பாறையின் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் கேட்டு வாங்கிப் பெருக்கியது. அதற்குத் தன் மேல் அபார நம்பிக்கை. எதையும் ஒரு முறைக்கு மேல் அளந்ததே கிடையாது. கீழே ஒரு ஏரியே கிடக்கிறது, இறைத்து மாளாது என்று எல்லாரிடமும் தம்பட்டம் அடித்தது.

குழாய் வழியாக அது பாறையின் காதிலும் விழுந்தது. பொய் என்று அதற்குத் தெரியும். ஆனால் இத்தனை யுகமாக ஏனென்று கேட்க நாதியில்லாமல் கிடந்ததை இப்போதுதான் ஒருவர் புகழ்கிறார். பாறைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அவ்வளவும் தர முடியுமில்ல?" என்று நாடா கேட்டபோது, "முடியும்" என்று சொல்லி வைத்தது.

மறுநாள் பம்பு வந்து இறங்கியது. ஏரியை இறைக்க வந்த பம்பு அல்லவா, முழு வேகத்தில் ஓட்டப் போவதாகப் பேச்சு. பாறைக்கு அப்போதுதான் ஆபத்து உறைத்தது. அதன் காலடியில் உப்புத் தண்ணீர், எப்போது மேலே வரலாம் என்று காத்துக் கிடந்தது. வேகமாக இழுத்தால் எண்ணெயை முந்திக்கொண்டு தண்ணீர் ஏறிவிடும். எண்ணெய் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் துளையின் வாயை அடைத்து, ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தோடு விட்டுவிட்டுப் போவார்கள்.

தானே உண்மையைச் சொல்ல அதற்கு வெட்கம். நல்லவேளையாக, துளை போட்டபோது அதன் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முழ நீளத் துண்டு மேலே கொட்டகையில் இருந்தது. சின்னது என்று யாரும் அதை மதிக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிடு தாயே என்று பாறை குழாய் வழியாக அதைக் கெஞ்சியது.

துண்டு சுற்றி வளைக்கவில்லை. நேராக நாடாவிடம், "அண்ணே, என்னைத் தட்டிப் பாருங்க. நான் கிண்ணமா, கல்லா?" என்றது.

"கல்லுதான்."

"கீழ கிடக்கிற எங்கக்காவும் கல்லுதான். சாம்பார்ல ஊறின இட்லி மாதிரி, பொடிப்பொடி ஓட்டையிலதான் எண்ணெய் இருக்கு. நீங்க இட்லியைச் சாம்பார் வாளின்னு நினைச்சு அளந்துட்டீங்க. அந்த ஓட்டையிலயும் கொஞ்சம் தண்ணி இருக்கு. என்ன பிழிஞ்சாலும் பாதிக்கு மேல ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும்."

நாடா முகம் சுருங்கிப்போய் மறுபடியும் கணக்குப் போட்டது. ஓட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. தண்ணீரைக் கழித்தது, ஒட்டிக்கொள்வதைக் கழித்தது, மேலே வந்ததும் வாயு பிரிந்து எண்ணெய் சுருங்குமே, அதையும் கழித்தது. ஏரி போய்க் குளமாகி, குளம் போய்க் குட்டையாகி நின்றது.

கீழே பாறை கூசிப்போய்க் காத்திருந்தது. பம்பு என்ன சொல்லுமோ?

பம்பு பெருமூச்சு விட்டது. "அப்பாடா. ஏரின்னு கேட்டதிலேருந்து எனக்கு டீசலே இறங்கல. அவ்வளவையும் எப்படி இறைக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். குட்டைன்னா நிதானமா எடுக்கலாம்."

பாறைக்கு நெஞ்சு லேசானது. இல்லாததைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது இவ்வளவு பெரிய சுகமா என்று அதற்கே ஆச்சரியம். உப்புத் தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டது.

வேலை தொடங்கும் முன் பம்பு குழாயில் குனிந்து, "அக்கா, மெதுவா ஒரு இழுப்பு இழுக்கட்டுமா? முடியுமா?" என்று கேட்டது.

"முடியும்" என்றது பாறை. போன தடவை சொன்ன அதே சொல்தான். இந்தத் தடவை அதைச் சொன்ன பிறகும் நிம்மதியாக இருந்தது.