அவிநாசியப்பன் கேட்ட தோட்டா

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. துப்பாக்கி கிளப்பில் சுடுவதற்கான குறிப்பலகை மாட்டுகிறவர் தன் மைத்துனரிடம் சொன்னது. மைத்துனர் பேருந்தில் என்னிடம் சொன்னார். இரண்டு வாய் கடந்து வந்ததால் பேச்சில் ஒரு சொல் கூடவோ குறையவோ இருக்கலாம்.

பவானியில் அவிநாசியப்பனுக்கு நகைக்கடை. வயது ஐம்பத்தெட்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம், பட்டப்பகலில் இரண்டு பேர் அரிவாளோடு கடைக்குள் வந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கை எழவில்லை. பில் போட்டுக்கொண்டிருந்த மருமகள் பூங்கோதையின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தார்கள். கொடி அறுவதற்கு முன் கழுத்து அறுபட்டது.

பூங்கோதை பிழைத்துக்கொண்டாள். ஆனால் கடையின் கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து நின்றுவிடுகிறாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவிநாசியப்பன் தலையைக் குனிந்துகொள்வார்.

லைசென்சுக்கு அலையாத அலைச்சல் அலைந்து, கடைசியில் அவர் கைக்கு ஒரு ரிவால்வர் வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் துப்பாக்கி. அந்த வருஷம் ஆயுத பூஜையில் தராசுக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்டார். மறுவாரம் கிளப்புக்கு எடுத்துப் போனார்.

அங்கே சுடச் சொல்லித் தருகிறவர் ஜெசிந்தா. அவிநாசியப்பனின் மகளைவிடச் சின்னவர். மாநிலப் போட்டிகளில் சுட்டவர். அதிகம் பேசமாட்டார்.

அவிநாசியப்பன் மேசைமேல் மூன்று தோட்டாப் பெட்டிகளைப் பரப்பினார், கடையில் வளையல் பரப்புகிற மாதிரி.

“இது நம்ம நாட்டு ஃபேக்டரிச் சரக்குங்க. இது வெளிநாடு. இது வெறும் ஈயம், விலை கம்மி. கடைக்காரன் ஒண்ணு சொல்றான், யூடியூப்ல ஒருத்தன் ஒண்ணு சொல்றான். பழகறதுக்கு எதுன்னு நீங்க உரசிப் பாத்துச் சொல்லுங்க மேடம்.”

ஜெசிந்தா பெட்டிகளைப் பார்க்கவில்லை. ரிவால்வரை வாங்கி, தோட்டா போடும் உருளையைத் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டார். உருளையைச் சுற்றினார். பாதியில் நின்றது. சந்தனம் காய்ந்து உள்ளே இறுகியிருந்தது.

“சாமிக்கு வச்சது போதுங்கண்ணா. இனி எண்ணெய் வைங்க.”

துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “உங்க பட்டறையில புதுசா வர்ற ஆளு எதுல பழகுவாருங்க? தங்கத்துலயா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க. நான் தெருவுக்கு வந்துருவேன். பித்தளையிலதானுங்க.”

ஜெசிந்தா இழுப்பறையிலிருந்து ஒரு பிடி காலித் தோட்டாக் கூடுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். யாரோ சுட்டுப் போட்டவை. பித்தளை.

“இதுல பழகுங்க.”

“இது வெடிக்காதுங்களே!”

“ஆமாங்க.”

சில வாரங்கள் அவிநாசியப்பன் காலிக் கூடுகளைப் போட்டு விசையை இழுத்தார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள், “அங்கிள், கேஸ் அடுப்பு பத்தலையா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

ஒருநாள் ஜெசிந்தா உருளையைத் தானே நிரப்பிக் கொடுத்தார். அன்றைக்கு நிஜத் தோட்டா. வெடித்தது. அவிநாசியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுபடி வெடித்தது. அடுத்த இழுப்பில் டிக் என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழாயின் மூக்கு தரையைப் பார்க்கக் குதித்தது.

“மட்டச் சரக்குங்க! கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்.”

“அது நான் நடுவுல போட்ட காலிக் கூடுங்கண்ணா. வெடிக்காததுக்கே கை குதிக்குது.”

அவிநாசியப்பன் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு காலிக் கூடுகளை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பையன்களின் சிரிப்பு அவர் காதில் விழவில்லை.

தை பிறந்தபோது அவர் சுட்டதெல்லாம் பலகையின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. பையன்கள் வந்து பார்த்துவிட்டு, “அங்கிள், செமங்க” என்றார்கள்.

அவர் ஜெசிந்தாவிடம் வந்தார். “இப்பவாச்சும் சொல்லுங்க மேடம். பழகறதுக்கு எந்தத் தோட்டா, கடையில போட்டு வைக்க எந்தத் தோட்டா?”

ஜெசிந்தா ரிவால்வரைக் காலி செய்து பெட்டியில் வைத்துப் பூட்டினார். மர நிழலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினார்.

“உங்க கடையை இங்க போடுங்கண்ணா.”

“கடையையா?”

“எது எங்க இருக்குதோ அப்படியே.”

அவிநாசியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு நாற்காலியைக் கல்லா என்றார். பக்கத்தில் ஒன்று இரும்புப் பெட்டி. நேர் எதிரே தள்ளி இரண்டைப் போட்டு வாசல் என்றார். வாசலுக்குப் பக்கத்தில் ஒற்றை நாற்காலி, பில் போடுகிற இடம். பிறகு கல்லாவில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே முதலாளி ஆகிவிட்டார்.

ஜெசிந்தா வாசல் வழியாக உள்ளே வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

“நான்தான் அன்னிக்கு வந்தவன். கையில அரிவாள் இருக்குது. என்ன பண்ணுவீங்க?”

அவிநாசியப்பன் எழுந்தார். வலது கை விரலைத் துப்பாக்கியாக நீட்டினார். விரல் நடுங்கவில்லை. “சுட்டுட்டேனுங்க” என்றார்.

ஜெசிந்தா பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து நின்றார்.

நீட்டிய விரல் அப்படியே இருந்தது. விரலுக்கு நேரே ஒற்றை நாற்காலி.

“அதுல யாருங்க உட்காருவாங்க?”

அவிநாசியப்பன் கையைத் தொங்கவிட்டார். “பூங்கோதைங்க” என்றார்.

பலகை மாட்டுகிறவர் அப்போது பத்தடி தள்ளி நின்றிருந்தார். பெரியவரின் முகம் காகிதமாக வெளுத்துப் போனதாம்.

“வெளிய போகாம ஆளுக்குள்ளயே நின்னுடற தோட்டா இருக்குதாமே மேடம்?”

“ஆளு மேல பட்டா.”

“படாட்டி?”

ஜெசிந்தா திரும்பி ஒற்றை நாற்காலியையும் வாசலையும் பார்த்தார்.

“புள்ளையை வேற பக்கம் உக்கார வச்சாலும் அந்த இடத்துல சனங்க வந்து நிப்பாங்க. அதுக்கும் பின்னால கண்ணாடிக் கதவு, ரோடு, பஸ் ஸ்டாப்பு. கல்லாவை மாத்தலாம்னா அது எங்கப்பா வடக்குப் பாத்துப் போட்டதுங்க. யாவாரம் பண்றவன் வடக்கை விட்டுட்டு எப்படிங்க உக்காருவான்? அதனாலதான் தோட்டாவைக் கேக்கறேன். நல்லதா ஒண்ணு சொல்லுங்க. என்ன விலைன்னாலும் வாங்கிடறேன்.”

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார். சுடும் திடலின் கோடிக்குத் திரும்பிக் கையைக் காட்டினார்.

“பழகறதுக்கு எதை வேணா வாங்குங்கண்ணா. இங்க பலகைக்குப் பின்னாடி மண்மேடு, தப்புனது அதுல நின்னுடும்.”

அவிநாசியப்பன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வாசல், கல்லா, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து மர நிழலில் பழையபடி அடுக்கினார். ஒற்றை நாற்காலியைக் கடைசியாக எடுத்தார்.

மாசியில் ஒரு வெள்ளிக் கொலுசுக்குத் திருகாணி மாற்ற அந்தக் கடைக்குப் போனேன். கல்லா வாசலோரமாக வந்திருந்தது. பில் மேசை அவர் முதுகுக்குப் பின்னால். கல்லாவுக்கு எதிரே கடையின் கோடிச் சுவர். அதன் ஓரம் நாற்காலி எதுவும் போடவில்லை. வெளியே வந்த பிறகு, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று செல்பேசியில் திசை பார்த்தேன். அவர் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.