கழித்துப் போட்ட கொய்யா

“மண்டிக்காரனைவிட நல்ல விலை கொடுக்கிறேன். அப்படியும் வரமாட்டேங்கிறாங்கம்மா. ஏன்?”

அருளானந்தம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

செங்கமலம் கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“உட்காருங்க சார்” என்றார்.

கேட்டவருக்குத் தலை முழுக்க நரை. பதில் சொல்ல வேண்டியவருக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. ஆனால் மலையடிவாரத்தில் திட்டம் போட்டு, முட்டிக்கொண்டு நிற்கிற அதிகாரிகள் எல்லாரும் ஒருநாள் இந்த ஓட்டு வீட்டுக்கு வந்துதான் தீருவார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களையெல்லாம் கூட்டிப் பால் சங்கம் நடத்திக் காட்டியவர் செங்கமலம். புத்திமதி மட்டும் அவர் வாயிலிருந்து வராது. எதையாவது செய்வார். அதிலிருந்து புரிந்துகொள்வது வந்தவர் பாடு.

அருளானந்தம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார்.

அவர் நடத்துவது கொய்யா கொள்முதல் மையம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பழத்தைக் கொண்டு வரவேண்டும். மேசையில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். நல்ல பழத்துக்கு அங்கேயே காசு. மையத்தின் லாரி பட்டணத்துக் கடைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

“லாரி பாதி காலியா போகுது. இந்த மாசக் கடைசிக்குள்ள நிறையலைன்னா மையத்தை மூடச் சொல்லிட்டாங்க. மூடிட்டா இவங்க கதி? மறுபடியும் அந்த மண்டிக்காரன்தான். அடிமாட்டு விலைதான்.”

“கேட்டுப் பார்த்தீங்களா?”

“கேட்காம இருப்பேனா? பார்க்கலாம்ங்க சார்ங்கறாங்க. நாளைக்கு வர்றேன்ங்க சார்ங்கறாங்க. தெய்வானைன்னு ஒரு அம்மா. நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை வந்தாங்க. அப்புறம் ஆளையே காணோம். நாங்க ஒருத்தரையும் மரியாதைக் குறைவா நடத்தறதில்லம்மா. கழிச்ச பழத்தைக்கூடக் கும்பிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறோம்.”

நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களுக்குத்தான் இந்த மாதிரி வலி வரும்.

செங்கமலம் கையைத் தட்டிக் கம்புத் தூசியை உதறினார்.

“உங்க வீட்டில கொய்யா மரம் இருக்குதுங்களா?”

“இருக்கு. நான் வச்ச மரம்.”

“நாளைக்கு ஒரு கூடை பறிச்சுட்டு வாங்க. எனக்கு.”

அவ்வளவுதான். கோழிகளை விரட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் விடியலில் அருளானந்தம் மரம் ஏறினார்.

முசுறு எறும்பு கடித்தது. முழங்கையில் சிராய்ப்பு. “இந்த வயசில இதெல்லாம் தேவையா?” என்று மனைவி கோமதி கீழே நின்று சத்தம் போட்டார். அவர் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பழத்தையும் திருகிப் பறித்து, துணியால் துடைத்துக் கூடையில் அடுக்கினார். ஜீப்பை டிரைவர் பட்டறையில் விட்டிருந்ததால் பஸ்ஸிலேயே போனார். போகிற வழியெல்லாம் கூடையை மடியில் வைத்திருந்தார். யாராவது கேட்டால், “எங்க வீட்டு மரம்” என்று சொல்லிக்கொண்டார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

செங்கமலம் வீட்டுக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப். அங்கே நல்ல கூட்டம்.

“இங்கேயே கொட்டுங்க சார்” என்று வாசலில் ஒரு சாக்கை விரித்தார்.

கொட்டினார்.

செங்கமலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

“தழும்பு” என்றார். அது கூடைக்குத் திரும்பியது.

“சின்னது.” கூடைக்கு.

“இது கோணல்.” கூடைக்கு.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் நகர்ந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அருளானந்தம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு தானாகவே நின்றுவிட்டது.

“அம்மா, தழும்பு இருந்தா என்ன? ருசி நல்லா இருக்குமே.”

“இருக்குங்க.”

“பின்னே?”

“தரத்தில சேராதுங்களே.”

சாக்கில் கொஞ்சம் பழம் நின்றது. கூடையில் பாதிக்கு மேல் கிடந்தது. செங்கமலம் எழுந்து கூடையை அவர் பக்கம் தள்ளினார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

“ரொம்ப நன்றிங்க. அடுத்த தடவை நல்லதாப் பார்த்துக் கொண்டு வாங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பஸ் வந்தது. ஏறினார்.

“என்ன சார், விக்கலையா?” என்றார் கண்டக்டர்.

“விக்கிறதுக்கு இல்லப்பா.”

“அப்போ எதுக்கு சார் போற வழியெல்லாம் தூக்கிட்டு அலையறீங்க?”

பக்கத்து இருக்கைக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “தழும்பு விழுந்ததெல்லாம் இருக்குங்களே. அதான் யாரும் எடுக்கலையாட்டம் இருக்குது” என்று ஆறுதலாகவே சொன்னார். அந்த ஆறுதல்தான் அருளானந்தத்தைச் சுருக்கென்று குத்தியது.

காலையில் மடியில் வைத்திருந்த கூடையை இப்போது காலுக்கடியில் தள்ளிக்கொண்டார். இறங்கியதும் கடைவீதி வழியாகப் போகவில்லை. யாராவது கேட்பார்கள். குளத்துமேட்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில், பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

“அந்தம்மா வாங்கிக்கலையா?” என்றார் கோமதி.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது வெடித்துவிட்டது.

“முழுசா வேண்டாம்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். நாலு பேர் பார்க்கப் பொறுக்கிப் போட்டுட்டு, மிச்சத்தைத் தூக்கிட்டுப் போன்னு... கும்பிடு வேற! செத்தாலும் இனிமே அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்!”

கோமதி சோறு போடப் போனார்.

சொன்ன வார்த்தை அருளானந்தத்தின் காதிலேயே திரும்ப விழுந்தது. கூடை கையில் இருந்தபடியே நின்றார். சோறு ஆறுகிறது என்று கோமதி கூப்பிட்டபோதும் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடிகிற நேரத்தில் மண்டிக்குப் போகும் சாலையோரம் காத்திருந்தார்.

தெய்வானை வந்தார். தலையில் கூடை. அதிகாரியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

“அம்மா, மையத்துக்கு வாங்க.”

“பார்க்கலாம்ங்க சார்.”

“அன்னைக்கு மையத்திலிருந்து எந்த வழியா வீட்டுக்குத் திரும்பிப் போனீங்க?”

தெய்வானை அவரைக் கூர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் அவரிடம் கேட்டதில்லை.

“ஓடைக்குள்ள இறங்கிப் போனனுங்க” என்றார் மெதுவாக. “ஊருக்குள்ள போனா, என்ன தெய்வானை, உன் பழத்தைத் தள்ளிப்போட்டாங்களாமேன்னு கேப்பாங்க. மண்டிக்காரன் காசு கொறச்சுத்தான் குடுப்பானுங்க. ஆனா கூடையோட கொட்டிக்குவான். கைய வீசிட்டு வந்துரலாம்.”

“இன்னைக்கும் கைய வீசிட்டுப் போலாம். வாங்க.”

அவர் முன்னால் நடந்தார். தெய்வானை கொஞ்ச தூரம் விட்டே பின்னால் வந்தார்.

மையத்தில் தரம் பிரிக்கும் சின்னராசு வழக்கம்போலக் கூடையை மேசையில் கொட்டினார். நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். பிரித்து முடித்ததும் கழிவை அள்ளிக் கூடைக்குள் போடக் குனிந்தார்.

“அதை நம்ம கூடையில போடுங்க” என்றார் அருளானந்தம். “அதுக்கும் எடை போடுங்க. மண்டி விலையைக் கொடுத்துருங்க.”

சின்னராசு நிமிர்ந்தார்.

“சார், லாரியில இதை ஏத்த மாட்டாங்க. இதை யார் சார் வாங்குவா?”

“இன்னும் தெரியல.”

“தெரியாம எப்படி சார்?”

“ஜூஸ் கடைக்காரங்களைக் கேக்கறேன். மெஸ்ஸுக்கெல்லாம் போய்ப் பார்க்கறேன். எங்கேயும் எடுக்கலைன்னா வேற தெருவுக்குப் போறேன். இதுவரைக்கும் இவங்கதான் தூக்கிட்டு அலைஞ்சாங்க. அலையறதுக்குச் சம்பளம் எனக்குத்தானே வருது?”

தெய்வானை வெறுங்கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். இரண்டு காய்ந்த இலை உதிர்ந்தது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார்.

“அக்கா, எங்க வந்துட்டிருக்க? மண்டிக்குப் போகாத. நேரா இங்க வா. ஆமா, முழுசா எடுத்துக்கறாங்க. வர்றப்ப ராசாத்தியையும் கூட்டிட்டு வா.”

அருளானந்தம் கழிவுக் கூடையை இரண்டு கையாலும் தூக்கினார். பழக்கமில்லை. தலைக்குக் கொண்டுபோவதற்குள் ஒரு பக்கம் சாய்ந்தது.

“நில்லுங்க சார்” என்றார் தெய்வானை.

தன் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்த பழஞ்சேலைச் சும்மாட்டை உதறி, மறுபடி இறுக்கமாகச் சுற்றி, அவர் நரைத்த தலையில் அழுத்தி வைத்தார்.

“வெறுந்தலையில தூக்குனா கழுத்துப் புடிச்சுக்குமுங்க.”