கடுகன் முகம் திருப்பிய நாள்

மலைச் சோலை ஒன்றில் மிளகி என்ற பெண் குரங்கு வசித்தது. அதற்குக் கரிய முகம். முகத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று முடி. அதன் குட்டி கடுகன் பிறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை, கடுகனைத் தோழி தாழையிடம் விட்டுவிட்டு மிளகி பழம் பறிக்கப் போனது. கிளை முறிந்தது! யானைகள் புரளும் சேற்றுக்குழியில் மிளகி தலைகுப்புற விழுந்தது. தட்டுத்தடுமாறிக் கரையேறி, கண்ணையும் மூக்கையும் வாயையும் துடைத்துக்கொண்டு, குட்டிக்குப் பசிக்குமே என்று ஓடிவந்தது.

"கடுகா! அம்மா வந்துட்டேன்!"

குரல் கேட்டதும் கடுகன் அழுகையை நிறுத்தித் திரும்பியது. முகத்தைப் பார்த்ததும் வீலென்று கத்தியது! தாழையின் மார்பில் ஒண்டிக்கொண்டது.

"நான்தான்டா!" மிளகி பிடித்து இழுத்தது. கடுகன் இன்னும் அலறியது. பாலுக்கு வாயே வைக்கவில்லை.

தாழைக்குக் குட்டி கிடையாது. "உன்னை மறந்துவிட்டான், மிளகி! என்னிடமே இருக்கட்டும்!" என்றது.

"பாலுக்கு எங்கே போவாய்?"

தாழை குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டது. வெயில் உச்சிக்கு ஏறியது. கடுகனின் அழுகை மெலிந்து வெறும் முனகலானது. மிளகி பக்கத்து மரத்தில் போய் உட்கார்ந்து விசும்பியது.

அங்கே பழம் தின்றுகொண்டிருந்த மலையணில் திடுக்கிட்டது. "யார் நீ? இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே!"

"நான் மிளகி!"

"அட, நீயா! முகத்தைச் சுற்றி வெள்ளையைக் காணோமே!"

மிளகி தலையைத் தடவிப் பார்த்தது. முடி முழுக்கச் சேறு காய்ந்து கிடந்தது. 'ஐயோ, என் பிள்ளைக்கு இன்னும் கண், மூக்கெல்லாம் பார்த்துப் பழக்கமில்லை. இந்த வெள்ளை வளையம்தான் அவனுக்கு அம்மா!'

ஓடையில் குதித்தது. தேய் தேய் என்று தேய்த்தது. முடி உலர்ந்ததும் திரும்பி வந்தது.

கடுகன் கொட்டக் கொட்டப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டியது! அது சப்பிக் குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மிளகிக்கு மூச்சே வந்தது.

"சேற்றைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை. மன்னித்துவிடு," என்றது தாழை.

"சரி, விடு! பிள்ளை குடிக்கிறானே, அது போதும்!"

அன்றுமுதல் பால் கொடுக்கும்போதெல்லாம் மிளகி தன் முகத்தைக் கடுகனின் கண்ணருகே வைத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு பெருமழையில் அதன் முடியெல்லாம் நனைந்து ஒட்டிப்போய் வெள்ளை வளையமே தெரியவில்லை. கடுகன் அம்மாவின் கண்களையே பார்த்துச் சிரித்தது!

பச்சைப் பிள்ளை முகம் திருப்பினால் பாசம் போய்விட்டதென்று நொந்துகொள்ளாமல், பொறுமையாக அருகிலிருந்து முகம் காட்டுங்கள்; அது நம்மைக் கற்றுக்கொள்ளும்.