பணிவால் வந்த தோள்வலி

"சாமி, என் தோள் போச்சு."

"எங்கே போச்சு?" என்றார் சாமி.

சட்டநாதருக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது மனுஷரை முப்பத்து மூன்று வயதுச் சாமி கேலி செய்தால் வேறென்ன வரும்? ஆனாலும் குரு குருதான். அந்த அழுகையையும் குனிந்தபடியே அழுதார்.

ஆலங்கரை மடத்தில் அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டு செய்கிறார். பழைய சாமியிடம் பதினெட்டு வருஷம். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த இந்தச் சாமியிடம் நாலு வருஷம்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குரு முன்னால் போனால் துண்டை இடுப்பில் கட்டி, கைகளை மார்போடு இறுக்கி, தோள்களை முன்னால் ஒடுக்கி, தரையைப் பார்த்து நிற்க வேண்டும்.

மற்றவர்கள் குரு முன்னால் மட்டும் அப்படி நிற்பார்கள். சட்டநாதர் குருவின் செருப்பு முன்னாலும் நிற்பார். குருவின் கார் கிளம்பிப் போனபின் அது கிளப்பிய புழுதி முன்னாலும் நிற்பார். சாப்பிடுவதும் தூங்குவதும்கூட அதே சுருட்டலில்தான். இப்படிப் பணிவைச் சுமந்துகொண்டு அலைகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அது கிடக்கட்டும்.

"எப்போ வலிக்குது?"

"வலது கையைத் தூக்கினா, சாமி. பாதி வரைக்கும் போகுது. அதுக்கு மேல உயிர் போகுது."

"அப்ப தூக்காதீங்க."

"குடை, சாமி! குடை!"

குருபூசை அன்று ஆதிகுருவின் பாதுகை பல்லக்கில் ஏறி நாலு வீதியும் வரும். அதற்குப் பட்டுக்குடை பிடிப்பவர் கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடிக்க வேண்டும். மடத்தின் மூத்த தொண்டருக்கே அந்த உரிமை. இதுவரை பிடித்தவர் முடியாமல் மகள் வீட்டோடு போய்விட்டார். இந்த வருஷம் சட்டநாதர் முறை. இந்த நாளுக்காகத்தான் மனுஷர் இருபத்திரண்டு வருஷம் காத்துக் கிடந்தார்.

அவரால் முடியாவிட்டால் உரிமை அடுத்தவருக்குப் போகும். போனால் போனதுதான், திரும்பி வராது. அடுத்தவர் குஞ்சிதபாதம். அவர் இப்போதே குடைக்கம்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"வைத்தியம் பார்த்தீங்களா?"

"எண்ணெய் தேய்ச்சேன். பத்துப் போட்டேன். டவுன் டாக்டர்கிட்ட ஸ்கேன் எடுத்தேன். தோளுக்குள்ள தசைநார் ஒண்ணு உரசி உரசி நைஞ்சு போயிருக்காம்."

"எதனாலன்னு சொன்னாரா?"

"மூட்டை தூக்குறீங்களான்னு கேட்டார். இல்லைன்னேன். பந்து வீசுறீங்களான்னு கேட்டார். இந்த வயசுலயா? நான் ஒண்ணுமே செய்யலை சார், சும்மா நிக்கிறேன்னு சொன்னேன். அவருக்கே குழப்பமாப் போச்சு."

சாமி தரையைக் காட்டினார்.

"மல்லாந்து படுங்க."

குரு முன்னால் மல்லாந்து படுப்பதா! சட்டநாதர் ஒருவழியாகப் படுத்தார். சாமியை அண்ணாந்து பார்ப்பது அபசாரம் என்று கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சாமி தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் உருட்டினார். பழம் தோளுக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"முதுகு தரையில இருக்கு. தோள் மட்டும் ஏன் எழும்பி நிக்குது?"

"பணிவு, சாமி."

சாமி குனிந்து, காறையெலும்புக்குக் கீழே நெஞ்சுச் சதையில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஐயோ, அம்மா!"

மடப்பள்ளி வரைக்கும் கேட்டது.

"தோள்வலின்னுதானே சொன்னீங்க? இது நெஞ்சு."

"இவ்வளவு நாள் இங்கே வலிச்சதே இல்லையே, சாமி!"

"இழுக்கிறவனுக்கு என்ன வலி? இழுபடுற தோளுக்குத்தான் வலி."

சட்டநாதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"வாசல்நிலை சரிஞ்சு கீழ இறங்கிட்டா, உள்ள போறவன் தலை இடிக்கும். தினம் இடிக்கும். நீங்க தலைக்கு எத்தனை நாள் மருந்து போடுவீங்க?"

சட்டநாதர் எழுந்துபோய் நிலையைத் தடவிப் பார்த்தார்.

"நிலை நல்லாத்தான் இருக்கு, சாமி."

சாமி பெருமூச்சு விட்டார்.

"சரி, அங்கேயே நில்லுங்க. முழங்கை ரெண்டையும் நிலையில ஊனுங்க. தோள் உயரத்துக்கு மேல போக வேண்டாம். ஒரு காலை முன்னால வைங்க. நெஞ்சை வாசலுக்கு வெளியே விடுங்க. வலிக்கிற அளவுக்குப் போகாதீங்க. பத்து மூச்சு."

"நெஞ்சை நிமித்தியா? மடத்துக்குள்ளயா?"

"மடத்துக்குள்ளதான். போற வாசல், வர்ற வாசல், ஒண்ணு விடக் கூடாது. குருபூசைக்கு ஒரு மண்டலம் இருக்கு."

மடத்தில் பதினாலு வாசல்.

சட்டநாதர் எல்லா வாசலிலும் நின்றார். ரசவாளி அவர் பின்னால் காத்திருந்தது. பூசைத்தட்டு காத்திருந்தது. அவசரமாகக் கொல்லைக்குப் போக வேண்டியவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து மூச்சு எண்ணினார்கள்.

"என்னய்யா, சட்டநாதருக்குத் திமிர் ஏறிடுச்சா? நெஞ்சை நிமித்திக்கிட்டு வழியை மறிக்கிறாரு!" என்று காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

குஞ்சிதபாதத்துக்கு ஒரே கொண்டாட்டம். மூக்கு முழங்காலில் இடிக்கும் அளவுக்கு வளைந்து வந்து சாமியிடம் சொன்னார்.

"சாமி, சட்டநாதருக்குப் பணிவு போயிடுச்சு."

"உங்க தோள் எப்படி இருக்கு?"

"ஒரு மாசமா லேசா வலிக்குது, சாமி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நாள் ஓடியது. சட்டநாதரின் கை முதலில் காது வரை வந்தது. பிறகு உச்சந்தலை வரை. நாற்பதாம் நாள் கொல்லையில் கொடிக்கயிற்றுக்கு மேலே வேட்டியை வீசிப் போட்டுவிட்டு, தான் செய்ததை நம்ப முடியாமல் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்கு வந்த சந்தோஷத்தில் ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

குருபூசை வந்தது.

தெரு நிறைய ஜனம். நாதஸ்வரம் முழங்கியது. பல்லக்கில் பாதுகை வந்து அமர்ந்தது. சட்டநாதர் நிமிர்ந்து நின்று குடைக்கம்பைப் பிடித்தார். குடை நெஞ்சைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது.

அப்போது சாமி வெளியே வந்து பல்லக்குக்கு அருகில் நின்றார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா? தோள் ஒடுங்கியது, முதுகு வளைந்தது, கண் தரைக்குப் போனது. கை பாதியில் நின்றது. தோளுக்குள் அதே பழைய குத்தல்.

குடை ஆடியது. பாதுகைக்கு மேல் வெயில் விழுந்தது. கூட்டம் "ச்சொ ச்சொ" என்றது.

குஞ்சிதபாதம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கொடுங்க, நான் பிடிக்கிறேன்."

சட்டநாதருக்குக் கண் இருண்டது. "சாமி, முடியலை சாமி" என்று தரையைப் பார்த்துத் தேம்பினார்.

"யார்கிட்டப் பேசுறீங்க?" என்றார் சாமி.

"உங்ககிட்டதான், சாமி."

"நான் கீழே இல்லையே."

"எப்படி சாமி நிமிர்றது? உங்க முன்னால..."

"நிமிரச் சொல்றது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

குஞ்சிதபாதத்தின் விரல் குடைக்கம்பில் பட்டது.

சட்டநாதர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். நெஞ்சை முன்னால் விட்டார். தோள் இரண்டும் பின்னால் போய் உட்கார்ந்தன. தலை எழுந்தது.

கை போனது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, வலியே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பட்டுக்குடை பாதுகைக்கு நேர் மேலே போய் நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

சட்டநாதர் கண்ணைத் திறந்தார். எதிரே சாமியின் முகம்.

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாமி... நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"நாலு வருஷமாப் போட்டிருக்கேன்" என்றார் சாமி. "நடங்க."